கறை உண்டு... துரு அல்ல!

செல்போன் அலறியது.

அலறியிருக்கக் கூடாது. அதுவும் அந்த நொடியில் அலறியிருக்கவே கூடாது!

ஏனென்றால் ஷிராகி மிவா அதே செல்போனில்தான் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தாள். நீலத்தில் நாரை பறக்கும் ஒரு கிண்ணம், சாக்கே மது குடிப்பதற்கானது. ஏலம் முடிய மூச்சு விடும் நேரம்தான் பாக்கி. கடைசித் தொகையை அடித்துவிட்டு விரலை நீட்டினாள்...

நாரை மறைந்தது. திரை முழுக்க இன்ஸ்பெக்டர் கஜிவாராவின் பெயர்.

"சொல்லுங்க சார்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அபேனோ பக்கம் ஒரு பொணம். உடனே கெளம்பி வா."

"செத்துட்டாரா சார்?"

"பொணம்னா வேற என்னம்மா? குளிச்சிட்டு வருவாரா?"

"அப்ப கொஞ்சம் கழிச்சுக் கூப்ட்டிருக்கலாமே சார். அவரு எங்கயும் ஓடப் போறதில்லையே."

கஜிவாரா போனை வைத்துவிட்டார். மிவா ஏலப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். நாரை வேறு யார் வீட்டுக்கோ பறந்து போயிருந்தது.

மிவா ஒசாகா குற்றப் பிரிவில் சார்ஜென்ட். வயது நாற்பதைத் தொடப் போகிறது. கல்யாணம் ஆகவில்லை. கிண்ணங்கள் ஆகியிருந்தன, அலமாரி கொள்ளாமல்.

---

செத்தவர் பெயர் ஓகினோ. ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். தத்தாமிப் பாயின் மேல் குப்புற விழுந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது.

அவரைச் சுற்றிலும் கெட்டில்கள்...

எல்லாம் பழைய வார்ப்பிரும்புக் கெட்டில்கள். அலமாரியில், ஜன்னல் ஓரத்தில், படிக்கட்டில். குளியல் தொட்டிக்குள் எட்டிப் பார்த்த கஜிவாரா திகைத்துப் போனார். அங்கேயும் கெட்டில்!

"இந்தாளு எப்படிம்மா குளிச்சான்?"

"தெரியல சார். வெந்நீருக்கு மட்டும் பஞ்சம் இருந்திருக்காது."

மிவா அறையின் நடுவே இருந்த கரி அடுப்பைப் பார்த்தாள். அதற்கு மேல் விட்டத்திலிருந்து ஒரு கொக்கி தொங்கியது. வீட்டில் நுழைந்த இடமெல்லாம் கெட்டில் இருக்க, கெட்டில் மாட்டவென்றே செய்த கொக்கி மட்டும் காலி.

தடயவியல்காரர் தலையைத் தூக்கினார். "காயத்துக்குள்ள ஒரு சின்ன இரும்புச் சில்லு இருக்கு. பழைய வார்ப்பு."

"கொன்னவன் கெட்டிலோட போயிட்டான் சார்," என்றாள் மிவா.

வாசலில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். பெயர் நிமுரா. அந்தத் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். சட்டைக் கைமேல் 'குப்பைக் கண்காணிப்பு' என்று எழுதிய பட்டை. ஒரு கையில் இடுக்கி, இன்னொரு கையில் சங்கத்தின் சுற்றறிக்கைப் பலகை.

"பொணத்தை மொதல்ல பாத்தது நீங்களா?" என்றார் கஜிவாரா.

"ஆமாங்க. நான்தான்."

"காலைல இங்க எதுக்கு வந்தீங்க?"

"பலகை குடுக்க வந்தேங்க. என் வீட்டுக்கு அடுத்து ஓகினோ சான் வீடு. வரிசைப்படிதான் குடுக்கணும்." பெரியவர் பலகையைத் தவிப்போடு பார்த்தார். "இவரு முத்திரை போடாம அடுத்த வீட்டுக்குக் குடுக்கலாமான்னு தெரியலைங்க..."

"இவருகிட்ட இனிமே முத்திரை வாங்க முடியாதுங்க."

"அதுவும் சரிதான்."

"நேத்து ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

நிமுரா தயங்கினார். "கேட்டதால சொல்றேன். சாயங்காலம் இவரோட தங்கச்சி மகன் யூசுரு வந்திருந்தான். 'இந்தக் கெட்டிலையெல்லாம் தூக்கி வெளிய எறிஞ்சாதான் உனக்குப் புத்தி வரும் மாமா'ன்னு சத்தம் போட்டான்."

கஜிவாராவின் முகம் மலர்ந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் ஆள் கிடைத்துவிட்டான் என்றால் மலராதா?

---

யூசுரு ஒகோனோமியாக்கி என்ற அடை சுடும் கடையில் தோசைக்கல்லோடு மல்லுக்கட்டுகிறவன். முன்கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு. லாக்கப்பில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கொக்கியில எந்தக் கெட்டில் தொங்கும்?" மிவா கேட்டாள்.

"நண்டுக் கெட்டில்க்கா. புதுசா ஏலத்துல வாங்கினாரு. மூடியில பிடிக்கிற குமிழ் நண்டு மாதிரி இருக்கும். ஒரு கொடுக்கு ஒடிஞ்சிருக்கும். அந்த ஒத்தைக் கொடுக்குக்காக மாமா எத்தனை நாள் பொலம்பினாரு தெரியுமா? வித்தவன் சொல்லாம ஏமாத்திட்டான்னு."

"சண்டை எதுக்கு?"

"படிக்கட்டுல கெட்டில் தடுக்கி ஏற்கெனவே ஒருதரம் உருண்டாரு. அதான் கத்தினேன். எங்கம்மா போனதுக்கப்புறம் என்னை வளர்த்தவரு அவருதான்." குரல் உடைந்தது. "அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? இன்ஸ்பெக்டர் நீட்டற காகிதத்துல கையெழுத்துப் போட்டா என்னைத் தூங்க விடுவாங்களா?"

மிவா கம்பியருகே குனிந்தாள்.

"போடாத. நான் அந்த நண்டைப் புடிக்கிற வரைக்கும் போடாத."

---

"கொன்ன ஆயுதத்தை எவனாவது ஏலத்துல விடுவானா?" கஜிவாரா தாக்கோயாக்கி உருண்டை ஒன்றை வாய்க்குள் தள்ளிக்கொண்டே சிரித்தார். "உனக்கு இந்த ஏலப் பைத்தியம் முத்திப் போச்சு."

"யோசிங்க சார். ஆத்துல போட்டா நம்ம ஆளுங்க முங்கி எடுத்துடுவாங்க. வீட்ல வச்சா சோதனைல மாட்டும். ஏலத்துல விட்டா? வாங்கினவன் வடகோடி ஹொக்கைடோவுக்கு எடுத்துட்டுப் போயி தண்ணி காய்ச்சுவான். தடயத்தைக் கழுவற வேலைய அவனே தெனமும் செய்வான்."

கஜிவாரா மெல்லுவதை நிறுத்தினார்.

மிவா 'இரும்புக் கெட்டில்' என்று அடித்தாள். திரையில் கெட்டில்கள் கொட்டின. ஜப்பானே ஒட்டுமொத்தமாக வீடு காலி செய்கிறதோ என்று தோன்றியது.

"இத்தனையையும் பாக்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்," என்றார் கஜிவாரா.

"எல்லாரும் இங்கதான் சார் விட்டுட்டுப் போவாங்க. நான் இங்கதான் ஆரம்பிப்பேன்."

'விரிவான தேடல்' என்பதைத் தட்டினாள். கட்டங்கள் விரிந்தன.

எங்கிருந்து அனுப்பப்படும்? ஒசாகா.

எப்போது பட்டியலிட்டது? கொலைக்குப் பிறகு.

எந்த வார்த்தை இருந்தால் வேண்டாம்? எனாமல், நகல், புத்தம் புதியது.

வெள்ளம் வடிந்து குட்டையாயிற்று. குட்டையில் நண்டு இல்லை.

"அவ்ளோதானா?"

மிவா உதட்டைக் கடித்தாள். கட்டங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்தவள் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

"சார், நான் ஒரு மடச்சி. கிண்ணம் வாங்கற பழக்கத்துல 'கீறல் இல்லாதது'ன்னு டிக் போட்டு வச்சிருக்கேன். மண்டைய ஒடைச்ச கெட்டில் எப்படி சார் கீறல் இல்லாம இருக்கும்?"

டிக்கை எடுத்தாள். 'குறை உள்ளது' என்பதில் போட்டாள். தலைப்பில் மட்டும் தேடாமல் விவரத்திலும் தேடு என்றாள். சமையலறைப் பொருள் என்ற வரம்பையும் தூக்கினாள். 'கெட்டில்' என்பதோடு 'நண்டு' என்ற சொல்லையும் சேர்த்தாள்.

ஒன்றுமில்லை.

"இன்னும் விக்க வரலை சார். வருவான்." தேடலைச் சேமித்து வைத்தாள். இந்த வலையில் எது வந்து விழுந்தாலும் போன் 'டிங்' என்று சொல்லும்.

"உன் போன் சொல்றதுக்குள்ள யூசுரு சொல்லிடுவான்," என்றார் கஜிவாரா, கடைசி உருண்டையைக் குத்தி எடுத்தபடி.

---

போன் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாளும்...

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியது. ஸ்டேஷன் வாசல் மரத்தில் சில்வண்டுகள் காது கிழியக் கத்தின. உள்ளே யூசுரு கத்துவதை நிறுத்தி வெறுமனே சுவரைப் பார்க்க ஆரம்பித்திருந்தான். கஜிவாரா வாக்குமூலத்தைத் தானே எழுதி வைத்துவிட்டார். அவன் பேனாவைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

"கையெழுத்துப் போடுப்பா. வீட்டுக்குப் போயி சேர வேண்டாமா?"

"யார் வீட்டுக்கு?" என்றான் யூசுரு சோர்வாக.

"என் வீட்டுக்கு."

யூசுரு பேனாவைக் கையில் எடுத்தான்.

டிங்!

மிவா பாய்ந்து போனைத் திறந்தாள். தோட்டப் பொருட்கள் பிரிவு. தலைப்பு: 'பழைய இரும்பு. பூச்செடி வைக்க.' படத்தில் மூடியின் மேல் ஒரு நண்டு, ஒற்றைக் கொடுக்கோடு!

அவள் விவரத்தைப் படிக்கப் படிக்க, கஜிவாராவின் வாய் திறந்தபடியே நின்றது.

'பார்வையிட வந்தமைக்கு மனமார்ந்த நன்றி. இது கெட்டிலாக இருந்தது. இனி இதில் காய்ச்சிய நீரைப் பருகும்படி பரிந்துரைக்க இயலாத நிலையில் உள்ளேன். நண்டுக் குமிழில் இடது கொடுக்கு இல்லை. அடியில் கீறல் உண்டு. வலது விளிம்பில் அண்மையில் ஒரு சில்லு பெயர்ந்துள்ளது. இடுக்குகளில் செம்பழுப்பு நிறக் கறை உண்டு. துரு அல்ல. பலமுறை கழுவியும் போகவில்லை. மனம் கூசுபவர்கள் தயவுசெய்து தவிர்க்கவும். திரும்பப் பெற இயலாது.'

"இவன் கொலைகாரனா, வாக்குமூலம் எழுதற கிளார்க்கா?" என்றார் கஜிவாரா.

மிவா யூசுருவின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். "படம் பாரு. இதுதானா?"

"இதேதான்க்கா." அவன் கண் நிறைந்தது.

"விக்கறவன் யாரு?" என்றார் கஜிவாரா.

"பேர் மறைச்சிருக்கு சார். ஆனா ரேட்டிங்கை மறைக்க முடியாது." மிவா விற்பவரின் பக்கத்தைத் திறந்தாள். வருடக்கணக்கில் விற்றிருந்தார். எல்லாம் 'மிக நன்று'. 'பொதிந்த அழகுக்கே காசு கொடுக்கலாம்' என்று யாரோ உருகியிருந்தார்கள். பால் குடத்தில் ஒரு சொட்டு மை மாதிரி ஒரே ஒரு 'மோசம்'.

அதன் கீழே வாங்கியவர் எழுதியிருந்தது இதுதான்: 'நண்டின் கொடுக்கு ஒடிந்ததைச் சொல்லவே இல்லை. பொய்யன்.'

ஓகினோ!

"சார்... இந்தக் கெட்டிலை ஓகினோவுக்கு வித்தவன்தான் இப்ப மறுபடி விக்கறான். போன கெட்டில் எப்படித் திரும்பி வந்துச்சு? அவன் போயி எடுத்துருக்கான். அதான் இந்தத் தடவை ஒரு கீறலைக்கூட விடாம சொல்றான்."

கஜிவாரா மோவாயைச் சொறிந்தார். "கறைன்னா ரத்தம்தானா? சோயா சாஸா இருந்தா? விலாசம் வேணும்னு தளத்துக்குக் கடுதாசி போடறேன். பதில் வர நாளாகும். அதுவரைக்கும் நாம பழைய வழியிலயே போவோம். சங்கத் தலைவர் சாட்சியில கையெழுத்து வாங்கணும். வா."

"யூசுருவை விட்டுடுங்க சார்."

"விடறதா? காகிதத்தைத் தயார் பண்ணி வச்சிருக்கேன்."

கிளம்பும் முன் மிவா கெட்டிலுக்குத் தன் பெயரில் ஒரு தொகை கேட்டு வைத்தாள். வேறு யாராவது வாங்கிக் கழுவித் தொலைத்தால்?

---

நிமுராவின் வீடு பளிச்சென்றிருந்தது. செருப்புகள்கூட அணிவகுப்பில் நின்றன. குளிர்ந்த பார்லி டீ வந்தது. யோக்கான் இனிப்பு ஒரே கனத்தில் நறுக்கி வந்தது.

கஜிவாரா எழுதி வந்த சாட்சியத்தை வாசித்தார். நிமுரா வரிக்கு வரி திருத்தினார்.

"'வெறித்தனமாகக் கத்தினான்'னு நான் சொல்லலைங்க. 'சத்தம் போட்டான்'னுதான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லைங்க. சொல்லாததை எழுதினா தப்பு."

மிவாவுக்கு அலுப்பாக இருந்தது. லாக்கப்பில் ஒருவன் உடைந்துகொண்டிருக்கிறான். இங்கே ஒரு வார்த்தைக்குப் பஞ்சாயத்து! மேஜைக்கு அடியில் போனை எடுத்தாள். கெட்டில் பக்கத்தில் 'விற்பவரிடம் கேள்வி' என்ற இடத்தைத் தட்டினாள்.

'வணக்கம். விளிம்பில் சில்லு எப்போது பெயர்ந்தது?'

அனுப்பினாள்.

டிங்!

சத்தம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. நிமுராவின் சட்டைப் பையிலிருந்து.

"மன்னிக்கணும். ஒரு நிமிஷம்." பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒற்றை விரலால் பொறுமையாகத் தட்டினார். போனைப் பையில் போட்டார். "சொல்லுங்க, எங்க விட்டோம்?"

மிவாவின் உள்ளங்கையில் போன் அதிர்ந்தது.

'கேள்விக்கு நன்றி. இம்மாதத் தொடக்கத்தில்.'

தற்செயலாக இருக்கலாம். ஊரில் எத்தனை போன் டிங் என்கிறது! இன்னொன்று அனுப்பினாள்.

'எதைக் கொண்டு கழுவினீர்கள்?'

டிங்!

"இன்னிக்கு ஏன் இப்படி..." நிமுரா கூச்சத்தோடு சிரித்தார். "உடனே பதில் போடலைன்னா மரியாதை இல்லைங்க." மறுபடி கண்ணாடி. மறுபடி ஒற்றை விரல்.

'கேள்விக்கு நன்றி. பாத்திரம் தேய்க்கும் சோப்பு. எலுமிச்சை வாசனை.'

மிவா மெல்ல மூச்சை இழுத்தாள். சமையலறைப் பக்கமிருந்து எலுமிச்சை வாசனை வந்தது.

கஜிவாரா இன்னும் சாட்சியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மிவா மூன்றாவது கேள்வியை அடித்தாள்.

'கறை யாருடையது?'

டிங்!

நிமுரா படித்தார்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு தலையை உயர்த்தினார். மேஜைக்கு மேல் வந்திருந்த மிவாவின் போனைப் பார்த்தார்.

"அதிகத் தொகை கேட்டிருக்கறது நீங்களா மேடம்?"

"ஆமா."

"படத்துல இருக்கறதைவிட நேர்ல கறை கொஞ்சம் அதிகம்," என்றார் நிமுரா தாழ்ந்த குரலில். "நீங்க ஏமாறக் கூடாது பாருங்க."

கஜிவாராவின் கையிலிருந்த யோக்கான் தட்டில் விழுந்தது. "என்னம்மா நடக்குது இங்க?"

"சாட்சியில இன்னொரு திருத்தம் சார்," என்றாள் மிவா. "நீங்களே சொல்லிடுங்க தலைவரே."

பெரியவர் முழங்காலில் கை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டீ குடிக்கக் கூப்ட்டாருங்க. போனேன். கொக்கியில நான் வித்த கெட்டில்! நான்தான் வித்தவன்னு அவருக்குத் தெரியாது. 'எவனோ பொய்யன் வித்தான், ரேட்டிங்ல கிழிச்சு விட்டேன்'னு சிரிச்சாரு. அது நான்தான்னு சொல்லி, தரையில தலை வச்சுக் கும்பிட்டேன். எனக்குக் கண்ணு சரியா தெரியலை, கொடுக்கைக் கவனிக்கலை, மாத்தி எழுதிடுங்கன்னு கேட்டேன். இன்னும் சத்தமா சிரிச்சாரு. தெரு முழுக்கச் சொல்லப் போறேன்னு திரும்பினாரு..." அவர் தொண்டையைச் செருமினார். "நான் பொய்யன் இல்லைங்க."

"கொன்னதை ஏன் சொல்லலை?" கஜிவாரா அதட்டினார்.

"நீங்க கேக்கலையே. பொணத்தை மொதல்ல பாத்தது நீங்களான்னு கேட்டீங்க. நான்தானே பாத்தேன்? ஏதாவது சத்தம் கேட்டுச்சான்னு கேட்டீங்க. யூசுரு போட்ட சத்தம் கேட்டுச்சு. அவன் போனதுக்கப்புறம் யாரு வந்தாங்கன்னு கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்."

இன்ஸ்பெக்டர் கஜிவாரா திருத்திய காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"அதைத் தூக்கிக் குப்பையில போட்டிருக்கலாமே?" என்றாள் மிவா.

நிமுரா அதிர்ச்சியோடு பார்த்தார். கொலை என்று சொன்னபோதுகூட அவர் முகம் அப்படி மாறவில்லை.

"உலோகக் குப்பை எடுக்கறது மாசத்துல ஒரு நாள்தான், அது முந்தின வாரமே போயிடுச்சுங்க. சங்கத் தலைவரே நாள் தப்பிக் குப்பை போட்டா ஊர்ல யாரு மதிப்பாங்க?"

---

யூசுரு வெளியே வந்தான். ஸ்டேஷன் வாசல் வெயிலில் கண் கூசி நின்றான்.

"போயி தூங்கு," என்றாள் மிவா.

"தூக்கம் வரலைக்கா. மாமா வீட்டுப் படிக்கட்டை மொதல்ல காலி பண்ணணும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "இனி யாரும் தடுக்கி விழப் போறதில்ல. ஆனாலும் பண்ணணும்."

மிவா அவன் தோளைத் தட்டிக் கொடுத்தாள். பேசினால் தானும் அழுதுவிடுவோமோ என்று பயம்.

கஜிவாரா வெளியே வந்தார். அவளைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தார். "நான் ஒரு காகிதம் எழுதி வச்சிருந்தேனே... எங்கயோ கிழிஞ்சு போச்சு போல."

"நல்ல காகிதமா இருந்திருக்காது சார்."

"ம். அப்புறம், அந்த விரிவான தேடல்... அதுல பழைய மீன்பிடிக் கம்பெல்லாம் கெடைக்குமா?"

"கீறலோடயா, கீறல் இல்லாமயா சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் மிவாவின் போன் குறுக்கிட்டது.

டிங்!

'வாழ்த்துகள்! ஏலம் முடிந்தது. பொருள் உங்களுடையது.' கறை, சில்லு, ஒற்றைக் கொடுக்கு என்று படித்த பிறகு வேறு ஒருவரும் கேட்கவில்லை. 'பொருளைப் பெற்றுவிட்டீர்களா? விற்பவரை மதிப்பிடுங்கள்.'

வாசலில் நின்ற ஜீப்பின் பின் இருக்கையில் விலங்கோடு நிமுரா உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் தடயப் பை. பைக்குள் நண்டுக் கெட்டில், அவர் கையாலேயே நான்கு சுற்று காற்றுக் குமிழி பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, ஓரம் மடித்து ஒட்டியது. சோதனைக்கு வந்தவர்களை அவர் பொதிய விடவில்லையாம்.

ஜன்னல் கண்ணாடி மெல்ல இறங்கியது.

"மேடம்... தப்பு செஞ்சிட்டேன். தண்டனை எதுவானாலும் வாங்கிக்கறேன். ஆனா 'மோசம்'னு மட்டும் போட்டுடாதீங்க."

மிவா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு 'மிக நன்று' என்பதைத் தட்டி, கீழே எழுதினாள்:

'பொருள் சொன்னபடியே இருந்தது. விற்றவரும் சேதமின்றி வந்து சேர்ந்தார்.'